மூன்று பகடையும் எட்டுப் பகடையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஏப்ரலில், சூரியனல்லாத வேறொரு விண்மீனைச் சுற்றும் கே2-18பி என்ற வெளிக்கோளைப் பற்றிய செய்தி வந்தபோது, எங்கள் வீட்டுக்கு வரும் நாளிதழ்களில் ஒன்று, அங்கே உயிர்கள் இருப்பது உறுதியாகிவிட்டது என்று எண்ணும்படி கொட்டை எழுத்தில் தலைப்பிட்டிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் அதை இரண்டு முறை படித்தேன். கோளின் நிறை எவ்வளவு, ஆரம் எவ்வளவு, கண்டதாகச் சொல்லப்படுவது வெறும் தற்செயலாக இருக்கக்கூடுமா என்பவற்றில் ஒன்றுகூட அதில் இல்லை. அந்த எண்களைத் தேடி எடுத்து எனக்குச் சொன்னவள், கல்லூரியில் வணிகவியல் படிக்கும் என் பேத்தி. அவளுக்கு அவை ஒரு விளையாட்டுக்காகத் தேவைப்பட்டன.

ஞாயிறு பிற்பகல்களில் அவளும் நண்பர்கள் நால்வரும் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் அமர்ந்து, 1977-இல் அமெரிக்காவில் மார்க் மில்லர் வடிவமைத்து வெளிவந்த ‘டிராவலர்’ என்னும் டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டை ஆடுகிறார்கள். (பெயரில்தான் டேபிள், இவர்கள் ஆடுவது பாயில்.) ஒருவர் நடுவராக இருந்து சூழலை விவரிக்க, மற்றவர்கள் விண்கல ஓட்டி, பொறியாளர், மருத்துவர் என்று ஆளுக்கொரு பாத்திரமேற்றுத் தாங்கள் செய்வதை வாயால் சொல்வார்கள், அது கைகூடியதா என்பதை இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை தீர்மானிக்கும். எட்டும் அதற்கு மேலும் விழுந்தால் வெற்றி. பணம் எதுவும் வைப்பதில்லை. இருந்தும், பகடையைக் கண்டதும் சூதாட்டம் என்று எண்ணி ஒரு வாசகசாலையில் இவர்களை எழுப்பி அனுப்பிவிட்டார்கள்.

கதை நகர வேண்டுமே என்பதற்காக, ஒளியை மிஞ்சிப் பாயும் வசதி ஒன்றை இந்த விளையாட்டு வைத்துக்கொள்கிறது. அதற்கு இயற்பியலில் இன்றுவரை இடமில்லை. ஆனால் கோளுக்குக் கோள் செல்லும் பயணத்தில் அது நேர்மையானது. பாதி வழி முடுக்கிச் சென்று, மீதி வழியில் கலத்தைத் திருப்பி வேகத்தைக் குறைப்பதாகக் கொண்டு, தூரத்தை முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, இரண்டால் பெருக்கும் சூத்திரத்தை விதிநூலிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாக இடைவிடாது முடுக்கினால் 3,84,000 கி.மீ. தொலைவிலுள்ள நிலவை மூன்றரை மணி நேரத்தில் அடையலாம் என்று பேத்தி போட்டுக் காட்டினாள். 2023 ஜூலை 14-இல் புறப்பட்ட சந்திரயான்-3 இறங்கியதோ ஆகஸ்ட் 23-இல். அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம் பக்கத்து விழுப்புரத்துக்காரர் என்று பெருமைப்பட்டுக்கொண்ட நாம், ஏன் நாற்பது நாள் ஆயிற்று என்று கேட்கவில்லை. இவர்கள் கேட்டார்கள். மூன்றரை மணி நேரம் அப்படி எரிய எந்த ராக்கெட்டாலும் எரிபொருளைச் சுமக்க முடியாது; ஆகவே அவ்வப்போது சிறிது நேரம் மட்டும் எரித்து, புவியைச் சுற்றும் நீள்வட்டத்தைப் படிப்படியாகப் பெரிதாக்கிப் போனார்கள் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அன்றைய ஆட்டம் நின்றே போயிற்று.

கே2-18பி-யைத் தங்கள் வரைபடத்தில் சேர்க்க அவர்கள் விரும்பினார்கள். 124 ஒளியாண்டுத் தொலைவு. மகம் நட்சத்திரம் இருக்கும் அதே சிம்ம ராசிப் பகுதி. நிறை புவியைப் போல 8.6 மடங்கு, ஆரம் 2.6 மடங்கு. ஆரத்தின் வர்க்கத்தால் நிறையை வகுத்தால் ஈர்ப்பு ஏறக்குறைய 1.27 மடங்கு. அங்கே நிற்கத் தரை என்று ஒன்று இருக்குமானால், 60 கிலோ எடையுள்ளவர் 76 கிலோவாக உணர்வார்.

அடுத்ததாக, உயிர் உண்டா என்ற கேள்வி. கேம்பிரிட்ஜில் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு, ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் தரவில், நம் கடல்களில் நுண்பாசிகள் வெளியிடும் டைமெத்தில் சல்ஃபைடு அல்லது அதை ஒத்த ஒரு சேர்மத்தின் தடயத்தைக் கண்டதாக அறிவித்தது. அந்தத் தடயம் தற்செயலாகத் தோன்றியிருக்கும் வாய்ப்பு 0.3 விழுக்காடு, ‘மூன்று சிக்மா’ என்பது இதுதான். பேத்தி மூன்று பகடைகளைக் கையில் எடுத்தாள். மூன்றிலும் ஒருசேர ஆறு விழும் வாய்ப்பு 216-இல் ஒன்று, அதாவது 0.46 விழுக்காடு, ஏறத்தாழ அதே அளவுதான். நூறு முறை உருட்டினோம், விழவில்லை. தேநீருக்குப் பிறகு மறுபடி உருட்டியபோது நாற்பத்தோராவது வீச்சில் விழுந்தது. 2012-இல் ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளை அறிவித்தவர்கள் ஐந்து சிக்மா வரும்வரை காத்திருந்தார்கள். பகடைக் கணக்கில் அது, எட்டுப் பகடைகளை ஒரே வீச்சில் உருட்டி எட்டிலும் ஆறு விழுவதைவிட அரிது. அன்று மாடியில் இருந்த ஐவருக்கும், மூன்று சிக்மாவுக்கும் ஐந்து சிக்மாவுக்கும் உள்ள வேறுபாடு இனி மறக்காது.

அதே தரவை மறுபடி ஆராய்ந்த வேறு குழுக்கள், தடயம் அவ்வளவு வலுவானதல்ல என்று பின்னர் எழுதின. உயிரே இல்லாத ஒரு வால்மீனிலும் அந்தச் சேர்மம் காணப்பட்டிருக்கிறது. அந்த மறுப்புகளை, முதல் தலைப்பைப் போட்ட நாளிதழில் நான் பார்க்கவில்லை. 1825-இல் புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவர், எதையும் எழுதாமல், தரையில் சிப்பிகளைப் பரப்பி, எண்களைக் குறிக்கும் மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டு சந்திர கிரகணத்தைக் கணித்ததை வானியலாளர் ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கணிப்பு தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிசகியது என்பது இன்றும் நமக்குத் தெரிகிறது. இருநூறு ஆண்டுக்கு முந்தைய சிப்பிக் கணக்கின் பிழையை அறிந்திருக்கும் நமக்கு, சென்ற வாரத்து அறிவியல் செய்தியின் பிழை அளவைச் சொல்வார் இல்லை.

எனவே தங்கள் நாளிதழில் வரும் அறிவியல் செய்திகளின் அடியில், தொலைவு, நிறை, தற்செயலுக்கான வாய்ப்பு ஆகியவற்றைத் தரும் நான்கு வரிகளைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பின்னால் மறுப்பு வந்தால் அதையும் அதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன். கே2-18பி-யை என் பேத்தி இப்போதைக்குப் பென்சிலால்தான் குறித்து வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.