ஞாயிறு என்பதால் இரட்டைக் கூலி

அன்புள்ள ரவி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலிக்கு இன்னும் எண்ணெய்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறாய் என்று படித்ததும், "முதலில் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்றாள் என் வீட்டுக்காரி. நானும் அதையேதான் சொல்வேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். மொட்டைமாடி ஒழுகல்தான் நிற்கவில்லை; மழை பிடித்தால் நான் பாட்டு கேட்கும் அறையில் வாளி வைக்க வேண்டியிருக்கிறது.

"அந்த ராக் சத்தத்தை இன்னும் விடலையா?" என்று கேட்டிருந்தாய். விடவில்லை. ஆனால் கேட்கிற விதம் மாறிவிட்டது. காலேஜ் நாளில் கிடார் தவிர வேறெதுவும் காதில் விழாது. இப்போதோ குழுவில் இல்லாமல், கூப்பிட்ட நேரத்துக்கு வந்து, பாடியோ வாசித்தோ கூலி வாங்கிக்கொண்டு போனவர்களைத்தான் தேடித் தேடிக் கேட்கிறேன். சில பாட்டுகளில் அவர்களை எடுத்துவிட்டால் மிச்சம் ரொம்பக் கொஞ்சம்.

பிங்க் ஃபிளாய்டு குழுவின் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' நினைவிருக்கிறதா? வார்த்தையே இல்லாமல் ஒரு பெண் கதறுவாளே, ஹாஸ்டலில் "யாருக்குடா என்ன ஆச்சு?" என்று நீ எழுந்து ஓடி வந்தாயே, அதேதான். பாடியவர் கிளேர் டோரி. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோ. ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் சொல்லித்தான் அவரைக் கூப்பிட்டார்கள். கிளேருக்கு அந்தக் குழுவின் மேல் பெரிய ஈர்ப்பு ஒன்றும் கிடையாது. போய் நின்றால் வரியும் இல்லை, மெட்டும் இல்லை. குழுவில் கீபோர்டு வாசிக்கும் ரிச்சர்ட் ரைட்டின் பியானோதான் ஓடுகிறது. வழக்கம்போல 'ஓ பேபி' என்று இழுக்க ஆரம்பித்திருக்கிறார். வார்த்தையே வேண்டாம் என்றுவிட்டார்கள். சரி, நாமும் ஒரு வாத்தியம் என்று வைத்துக்கொள்வோம் என முடிவுகட்டிப் பாடியதுதான் நாம் கேட்பது. இரண்டு டேக் முழுசாகப் பாடினார். மூன்றாவதில், பாடியதையே திரும்பப் பாடுகிறோம் என்று தோன்றப் பாதியில் நிறுத்திவிட்டார். யாரும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லையாம். இதைச் சேர்க்கப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டு கிளம்பிப் போனவர், பிறகு ரெக்கார்டு கடையில் ஆல்பத்தைப் புரட்டி, அதில் தன் பெயரைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்துகொண்டார். கூலி 30 பவுண்டு. ஞாயிறு என்பதால் அதுவே இரட்டிப்பு!

ஆல்பம் கோடிக்கணக்கில் விற்றது. பாட்டை இயற்றியவர் என்று ரைட் பெயர் மட்டும். கிளேர் 2004-இல்தான் வழக்குப் போட்டார். மறுவருஷம் கோர்ட்டுக்கு வெளியே சமரசம் ஆகி, குரல் பகுதியை இயற்றியவர் என்று அவர் பெயரும் ஏறியது. ரைட் மேல் எனக்குக் கோபமில்லை, அந்தப் பியானோ யாருக்கு வரும்? ஆனால் மெட்டே கொடுக்காமல் பாடச் சொன்னால், பாடினவர்தானே மெட்டுப் போட்டவர்? கச்சேரியில் ஒருவர் ஆலாபனை செய்துவிட்டு இறங்கினால், அது தம்பூரா போட்டவருடையது என்று சொல்வோமா?

பெயர் என்றதும் பாடகி மெர்ரி கிளேட்டன் ஞாபகம் வருகிறது. 1969, லாஸ் ஏஞ்சலஸ். நடுராத்திரி வாக்கில் போன். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'கிம்மி ஷெல்டர்' பாட்டுக்குப் பெண் குரல் வேண்டுமாம். அவர் கர்ப்பிணி, படுக்கப்போன நேரம். கணவர் சொல்லித்தான் கிளம்பினார். தலையில் கர்லர், மேலே பைஜாமா, அதற்கு மேல் ஒரு கோட். பலாத்காரம், கொலை என்று வரும் வரியைப் பார்த்து முதலில் திகைத்திருக்கிறார். பாட ஆரம்பித்ததும் உச்சத்தில் குரல் உடைந்துபோகிறது. அதை அப்படியே விட்டார்கள். மூன்றாவது நிமிடத்தை ஒட்டி அந்த இடம் வரும். பின்னால் குழுவின் பாடகர் மிக் ஜாகர் தன்னை மறந்து 'ஊ' என்று கத்துவதும் மெலிதாகக் கேட்கும். 'கிம்மி ஷெல்டர்' என்றால் எனக்கு அந்தச் சில நொடிதான். அவருக்கு அந்தக் குழந்தை தங்கவில்லை. வெகுகாலம் அந்தப் பாட்டைக் கேட்கவே அவரால் முடியவில்லை. இவ்வளவுக்கும் ஆல்பத்தில் பெயரை 'மேரி' என்று தப்பாக அச்சடித்திருந்தார்கள்.

எல்லாம் சோகம் என்று நினைக்காதே. அல் கூப்பர் கூலிக்குக்கூட வரவில்லை, வேடிக்கை பார்க்க வந்தவர். 1965 ஜூன் 16, நியூயார்க்கில் பாப் டிலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பதிவு. கூப்பருக்கு வயது 21, தயாரிப்பாளர் டாம் வில்சனின் விருந்தாளி. வாய்ப்புக் கிடைத்தால் நுழைந்துவிடலாம் என்று கிடாரோடு போனவர், கிடார்காரர் மைக் புளூம்ஃபீல்டு வாசித்ததைக் கேட்டதும் அதைச் சத்தமில்லாமல் உறையில் போட்டு மூடிவிட்டார். அப்புறம் ஆர்கன்காரரைப் பியானோவுக்கு மாற்றினார்கள். ஆர்கன் காலி. வில்சன் போன் பேசப் போன சமயம் பார்த்து நம்ம ஆள் போய் உட்கார்ந்துவிட்டார்! ஹாமண்ட் ஆர்கனை எப்படி ஆன் செய்வது என்றே அவருக்குத் தெரியாது. நல்லவேளை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் எந்தக் கார்டுக்கு, அதாவது எந்தச் சுரக்கூட்டுக்கு, போகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கட்டையை அழுத்துகிறார். அதனால் ஆர்கன் எப்போதும் ஒரு இழை பிந்தித்தான் வரும். போட்டுக் கேட்டபோது ஆர்கனைக் கூட்டச் சொன்னார் டிலன். அவர் ஆர்கன் வாசிப்பவரே இல்லை என்றார் வில்சன். டிலன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

லூ ரீடின் 'வாக் ஆன் தி வைல்ட் சைட்'டில் அடியில் வழுக்கிக்கொண்டு போகும் பேஸ், அந்தக் கீழ்ஸ்தாயி நாதம், இருக்கிறதே, ஹெர்பி ஃபிளவர்ஸ் அதை டபுள் பேஸிலும் எலெக்ட்ரிக் பேஸிலுமாக வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்தார். இரண்டு வாத்தியம் என்றால் கூலி கூடும், அதற்காகத்தான் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

உன் மகள் கோரஸ் பாடப் போகிறாள் என்று எழுதியிருந்தாய், ரொம்பச் சந்தோஷம். யார் இசை? பணம் கையோடு தருகிறார்களா? பாட்டு வந்ததும் எனக்கு அனுப்பச் சொல், எது அவள் குரல் என்று கண்டுபிடிக்கிறேன்.

வைகாசியில் ஒரு கல்யாணத்துக்கு மதுரை வருகிறேன். வீட்டில் அந்தப் பழைய ஆம்ப்ளிஃபையர் வேலை செய்கிறதா என்று பார்த்து வை. இல்லாவிட்டால் நான் ஹெட்போன் எடுத்து வருகிறேன்.

உன்,
முரளி