கணினி வாங்கும் முன் நினைவகத்தையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கைப்பேசிக் கோபுரங்கள் பல செயலிழந்ததால் உறவினரின் நிலை அறியாமல் தவித்தவர்கள் ஏராளம். அத்தகைய வேளையில், கோபுரமின்றிக் கைப்பேசிகளே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி கடத்தும் வலையமைப்பு எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்று நம் மாணவர்கள் ஆராய முற்படுவது மிகவும் போற்றத்தக்கது. ஆயிரம் கருவிகளை வாங்கிச் சோதிக்க இயலாது. ஆகவே என்எஸ்-3 போன்ற இலவச மென்பொருளில் கணினிக்குள்ளேயே அவற்றை உருவகப்படுத்திப் பார்க்க வேண்டியுள்ளது. இதற்குக் கணினி வாங்கித் தர முன்வரும் தமிழ்ச் சங்கங்கள், கோர் (செயலியில் தனித்தனியே கணக்கிடும் பகுதி) எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என்எஸ்-3 இயல்பாக ஒரே கோரில்தான் ஓடும். ஓர் உருவகப்படுத்தல் ஓட்டத்தைப் பல கோர்களுக்குப் பங்கிட்டால், ஒரு பகுதியில் நிகழ்வது அடுத்த பகுதியை எட்டுவதற்கு ஆகும் நேரத்துக்குள் மட்டுமே ஒவ்வொரு கோரும் பிறவற்றுக்காகக் காத்திராமல் முன்னேற முடியும். நெடுந்தொலைவுக் கம்பி இணைப்பில் அது சில மில்லிநொடிகளாவது இருக்கும். வானொலி அலையோ 300 மீட்டரை ஒரு மைக்ரோநொடியில் கடந்துவிடுவதால், கோர்கள் கணக்கிடும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரமே மிகுந்துவிடுகிறது.

ஆனால், ஒரே ஓட்டத்தின் முடிவை வைத்து எந்த ஆய்வும் நிலைநிற்காது. வெவ்வேறு சமவாய்ப்பு எண்களுடன் பலமுறை ஓட்டிச் சராசரி காண வேண்டும். ஒன்றையொன்று சாராத அவ்வோட்டங்களைக் கோருக்கு ஒன்றாக ஒரே நேரத்தில் நடத்தலாம். பல கோர்களின் உண்மையான பயன் இங்கேதான் கிடைக்கிறது. அப்போது தடையாக நிற்பது நினைவகம் (RAM). ஓர் ஓட்டத்துக்கு 4 ஜிபி தேவைப்பட்டால், 16 ஜிபி உள்ள எட்டு கோர் கணினியில், இயங்குதளத்தின் தேவையும் போக, மூன்று ஓட்டங்களே நடக்கும். ஐந்து கோர்கள் வீணாகும்.

செலவில்லாத வழிகளும் உண்டு. பிழைதேடும் முறையில் (debug) தொகுத்த நிரலையே நாள்கணக்கில் ஓடவிடாமல், வேகத்துக்கென உகப்பாக்கித் தொகுத்தாலே ஓட்டம் வெகுவாக விரைவுபடும். ஆயிரம் கருவிகள் தலைக்கு ஒருமுறை ஒலிபரப்பினால், ஒவ்வொன்றையும் மற்ற எல்லாக் கருவிகளும் பெறுவதாகக் கொள்ளும்போது, கணக்கிட வேண்டிய பெறுதல்கள் ஏறத்தாழ பத்து லட்சம். எட்டாத் தொலைவில் உள்ளவற்றைக் கணக்கிலிருந்து நீக்கினால் சுமை பெரிதும் குறையும். எனினும் மெலிந்த அலைகள் பல சேர்ந்தால் அவையும் குறுக்கீடாகும் என்பதால், சிறிய வலையமைப்பு ஒன்றில் நீக்கியும் நீக்காமலும் ஓட்டி முடிவுகளை ஒப்பிட்ட பிறகே இதைக் கையாள வேண்டும்.

ஆகவே, சங்கங்கள் மாணவரிடம் ஒரு சோதனை ஓட்டம் எடுத்துக்கொள்ளும் நினைவகத்தை முதலில் அளந்து தரச் சொல்லி, அதைக் கோர் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்துவிட்டு விலைப்பட்டியல் கோர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன்