பாப்பாவுக்கு, காப்பிப்பொடிப் பார்சலோடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பங்குனி மழை பெய்து தாண்டிக்குடியில் காப்பி பூத்துவிட்டது. கீழ்க்காட்டில் போன வருஷத்தைவிட நல்ல பூ. சரி, அது இருக்கட்டும்.

பொடி அனுப்பியிருக்கிறேன். எப்போதும் வாங்குகிற அளவில் பாதி போதும் என்றாய், ஏனென்று சொல்லவில்லை. ஃபில்டரைப் பரணில் போட்டுவிட்டாயாமே, அம்மா சொன்னாள். இப்போது 350 மில்லி பிரெஞ்ச் பிரஸ்தானாம், பொடியைச் சுடுதண்ணீரில் ஊறவிட்டுக் கம்பிச் சல்லடையால் அழுத்துகிற ஜாடி. ஒரு ஆளுக்குச் சரியாக இருக்கிறதாம்.

பிரஸ்ஸுக்கு ஃபில்டர் பொடி ஆகாது. நைஸாக இருந்தால் சல்லடை அடைத்துக்கொள்ளும், கப்பின் அடியில் கசடு தங்கும். அதனால் வத்தலக்குண்டு மில்லில் பக்கத்திலேயே நின்று, ரவையைவிடக் கொரகொரப்பாக அரைத்து வாங்கினேன். சிக்கரி கலக்கவில்லை. 20 கிராம் பொடிக்கு 300 மில்லி தண்ணீர். இங்கே மலையில் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுவதால் இறக்கியதும் ஊற்றலாம். சென்னையில் 100 டிகிரி. இறக்கி அரை நிமிஷம் விடு. ஊற்றி, ஒரு கலக்கு கலக்கி, 4 நிமிஷம் கழித்து மெதுவாக அழுத்து. அவசரப்பட்டால் சுடுதண்ணீர் கைமேல் தெறிக்கும். அழுத்தியதும் கப்பில் ஊற்றிவிடு. பொடியோடு கிடந்தால் கசப்பு ஏறும்.

காப்பிக் காட்டில் வளர்ந்தவள் காப்பி போட வீடியோ பார்க்கிறாயாம்! சின்னப் பிள்ளையிலேயே ஒரு வாய் குடித்துவிட்டு, வறுத்தது அம்மாவா அத்தையா என்று சொல்வாய். அந்த நாக்கு நம் வீட்டில் வேறு யாருக்கும் இல்லை.

மாப்பிள்ளைக்குத் திக்கான பால் காப்பிதானே பிடிக்கும்? இது அவருக்கு ஒத்துவருகிறதா? இரண்டு பேருக்கென்றால் 40 கிராம், 600 மில்லி. உன் பிரஸ் கொள்ளாது. பெரியதாக ஒன்று வாங்கி அனுப்பட்டுமா? வேண்டாமென்றால் வேண்டாம். போனில் அவரை விசாரித்தால் "ம்" என்கிறாய், அதனால்தான் கேட்டேன்.

ஒரு நாளைக்கு ஒரு கப்போடு நிறுத்து. பேப்பர் வடிகட்டி காப்பி எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், கம்பிச் சல்லடை விட்டுவிடும். அது கொலஸ்ட்ராலை ஏற்றும். பெரியப்பா விஷயம் உனக்குத் தெரியும். வெறும் வயிற்றில் குடிக்காதே, இரண்டு இட்லியாவது சாப்பிடு. மெதுவாக அழுத்து.

சித்திரையில் வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். கொடைரோட்டுக்கு டிக்கெட் போட்டதும் சொல், வண்டி கொண்டுவருகிறேன். தனியாக வருவதானாலும் வா. ஏனென்று நான் கேட்க மாட்டேன், அம்மாவையும் கேட்க விடமாட்டேன்.

அப்பா