குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடியிருப்பின் சொந்தங்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு 10 முறை கூடியது. கிணறு தூர்வாரியாயிற்று, மோட்டாருக்குக் காயில் கட்டியாயிற்று, மொட்டை மாடி ஒழுகலும் நின்றது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வைஃபை விஷயத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி கேட்கிறேன்.

மே மாதக் கூட்டத்தில் ஏழு வீட்டார் ஒரே குறையைச் சொன்னார்கள்: உள் அறையில் நெட் வருவதில்லை, பிள்ளைகள் வாசற்படியில் உட்கார்ந்து படிக்கிறார்கள். ரௌட்டரின் சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் பூஸ்டர் கருவி வாங்கப் பலரும் கிளம்பிவிட்டார்கள். அளந்து பார்க்காமல் யாரும் செலவு செய்ய வேண்டாம் என்று செயற்குழு கேட்டுக்கொண்டது.

அளக்க எடுத்தது, கண்ணாடி விரிசல் விட்ட ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனும் ஒரு இலவசச் செயலியும்தான். போனில் தெரியும் சிக்னல் கோடுகளை நம்ப முடியாது. எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி வைத்திருக்கிறது. சிக்னலின் பலத்தைச் சொல்லும் டிபிஎம் என்ற எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அது மைனஸில் வரும். மைனஸ் 45 நல்ல பலம். மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு தாங்கும். மைனஸ் 80 என்றால் அறுந்து அறுந்து வரும். இந்த எண் 3 டெசிபல் இறங்கினால் பலம் பாதியாகிறது, 10 இறங்கினால் பத்தில் ஒரு பங்காகிறது.

முதல் ஞாயிறு அளந்ததெல்லாம் வீண். ஆண்ட்ராய்டு 9 முதல் ஒரு செயலி 2 நிமிடத்துக்கு 4 முறைதான் சுற்றிலும் உள்ள வைஃபை சிக்னலைத் தேட முடியும். நாங்கள் நடந்துகொண்டே பழைய எண்ணைக் குறித்திருக்கிறோம். பிறகு பொறியியல் படிக்கும் நம் பிள்ளை ஒருவர் சென்னை ரிச்சி தெருவில் 300 ரூபாய்க்குள் ஈஎஸ்பி8266 என்ற, வைஃபை உள்ள சிறு மின்னணு போர்டு ஒன்றை வாங்கி, நொடிக்கு ஒரு முறை எண்ணைக் காட்டும்படி நிரல் எழுதினார். பவர் பேங்கில் செருகி, ஸ்டூல் மேல் வைத்து, தள்ளி நின்று ஐந்து முறை குறித்துச் சராசரி எடுத்தோம். நம் உடம்பில் இருக்கும் தண்ணீரே சிக்னலைக் குடித்துவிடும் என்பதால் கையில் வைத்துக்கொண்டு அளக்கவில்லை.

முதல் மாடி வீடு ஒன்றில் ரௌட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. படிக்கும் அறையில் மைனஸ் 78. ஷோகேஸ் மேல் மாற்றி வைத்ததும் மைனஸ் 61. பதினேழு டெசிபல், அதாவது சுமார் 50 மடங்கு பலம். ஒரு பைசா செலவில்லை. அன்று அந்த வீட்டுப் பெண் தன் மேஜையிலேயே வகுப்பில் சேர்ந்தாள். இந்த ஆண்டில் எனக்கு மிகுந்த நிறைவு தந்தது அதுதான்.

இன்னொரு வீட்டில் மைனஸ் 50 இருந்தும் மாலையில் வேகம் இல்லை. காரணம் சேனல் நெரிசல், அதாவது பல ரௌட்டர்கள் ஒரே அலைவரிசைத் தடத்தில் ஓடுவது. 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில்தான் இருக்கின்றன, ஒரு ரௌட்டரோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்கிறது. ஒன்றோடொன்று இடிக்காதவை 1, 6, 11 மட்டுமே. பெரும்பாலோர் 6-இல் இருந்தார்கள். காலியென்று நினைத்து 3-இல் வைத்தவர், 1-இல் இருந்தவருக்கும் 6-இல் இருந்தவருக்கும் சேர்த்தே இடைஞ்சல் தந்தார். தரைத்தளத்துக்கு 1, முதல் மாடிக்கு 6, இரண்டாம் மாடிக்கு 11 என்று பேசி முடித்தோம். மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசைப் பக்கம் ஓடுவதால், அது சூடாக்கும்போது டிபிஎம் எண் மாறாமலே படம் நின்றுபோகும்.

இரண்டு வீடுகளில் கான்கிரீட் சுவரைத் தாண்டிய பின்னறை இன்னும் மைனஸ் 80-இல்தான் இருக்கிறது. அங்கே பூஸ்டரை விட, ரௌட்டரிலிருந்து நேராக இழுக்கும் லேன் கேபிளே மேல் என்பது என் கருத்து. ஒரே அலைவரிசையில் வாங்கி அனுப்பும் பூஸ்டர் வேகத்தைப் பாதியாக்கிவிடும். கேபிள் இழுக்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

போர்டும் அளவு நோட்டும் காவலர் அறையில் இருக்கின்றன. கையெழுத்திட்டு எடுத்துச் செல்லலாம். ஞாயிறுதோறும் கதவைத் திறந்து உள்ளே விட்ட ஒவ்வொரு வீட்டாருக்கும் நன்றி.

இப்படிக்கு,
செயலாளர்