வினாக்கொத்தை நிரப்புகிறவர்களே கேள்வியையும் எழுதட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தில் பெண்கள் அமைப்புகளிலும் பால்நிலை சமத்துவத் திட்டங்களிலும் வேலை செய்யும் கள உத்தியோகத்தர்களுக்கு ஆராய்ச்சிப் பயிற்சி கொடுப்பதாக அடிக்கடி செய்தி வருகிறது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: நுவரெலியாவில் ஒரு ஹோட்டல், இரண்டு நாள் செயலமர்வு, பகல் சாப்பாடு, சான்றிதழ். பிறகு கொழும்பிலிருந்து ஒரு வினாக்கொத்து வரும். ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் போட்டது. அதை லயம் லயமாக (தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஏறி இறங்கி நிரப்பி அனுப்பினால் இவர்கள் வேலை முடிந்தது. கேள்வி யார் வைத்தது, விடைக்கு என்ன ஆனது என்று யாரும் சொல்வதில்லை. இது தபால்காரர் வேலை. வருமானம் குறைந்த நாடுகள் பலவற்றில் இந்தத் துறையில் இருப்பவர்களின் நிலை இதுதான். நடுவில் மட்டும் வேலை, தொடக்கத்திலும் முடிவிலும் இடமில்லை. பயிற்சி தேவைப்படுவது அந்த இரண்டு முனைகளிலும்தான்.

கேள்வியை எடுத்துக்கொள்வோம். கொழுந்து பறிக்கும் ஒரு அக்காவிடம் "ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டால் "எட்டு" என்பார். பேர் விழுகிற, அதாவது நாட்சம்பளம் பதிகிற வேலைதான் அவர் கணக்கில் வேலை. அதையே நேற்றைய நாளாகக் கேட்க வேண்டும்: எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், பிரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு) போக முன் அடுப்படியில் என்னென்ன, பிள்ளைக் காம்பராவில் (தோட்டக் குழந்தைகள் காப்பகத்தில்) பிள்ளையை விட்டது யார், கடைசிக் கொழுந்து நிறுத்தது எப்போது, அதற்குப் பிறகு என்ன? தாளில் அரை மணித்தியாலத்துக்கு ஒரு கட்டம், பக்கத்தில் "அதே நேரத்தில் வேறு என்ன?" என்று இன்னொரு கட்டம். சோறு கொதிக்கும்போதே பிள்ளைக்குப் பாடம் சொல்வதும், ஈர விறகை ஊதுவதும் அந்த இரண்டாவது கட்டத்தில்தான் வந்து விழும். 1984 முதல் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் ஒன்றாகிவிட்டதே என்று வாதிடுகிறவர்களுக்குப் பதில் அந்தக் கட்டங்களில் இருக்கிறது.

வன்முறை பற்றிய கேள்வி இதைவிடக் கடினம். "நீங்கள் குடும்ப வன்முறைக்கு ஆளாகியிருக்கிறீர்களா?" என்றால் "அப்படியெல்லாம் இல்லை" என்றுதான் வரும். அறைந்தாரா, தள்ளினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா, கடந்த 12 மாதத்திலா, அதற்கு முன்னரா என்று செயல் செயலாகக் கேட்க வேண்டும். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நலன் பற்றிய நாடளாவிய அளவீடு அப்படித்தான் கேட்டது. கணவனாலோ துணைவனாலோ உடல் அல்லது பாலியல் வன்முறையை வாழ்நாளில் அனுபவித்தவர்கள் 20.4 சதவீதம் என்று அது கண்டது.

வினாக்கொத்து களத்துக்குப் போக முன் ஏழெட்டுப் பெண்களிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, "இதை உங்கள் வாயால் திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்பது அரை நாள் வேலை. "வீட்டில் பொருளாதாரத் தீர்மானம் எடுப்பவர் யார்?" என்ற கேள்வி பெரும்பாலும் அங்கேயே விழுந்துவிடும். சம்பளத்தைக் கையில் வாங்குவது யார், கடைக் கடனைக் கட்டுவது யார், அவரைக் கேட்காமல் பிள்ளைக்கு ஒரு சப்பாத்து வாங்க முடியுமா என்று உடைத்துக் கேட்டால் நிற்கும். மூன்றுக்கும் மூன்று விடை வருவதும் உண்டு.

அடுத்தது யாரிடம் கேட்பது. தோட்ட அலுவலகத்தின் செக்ரோலை (சம்பளப் பெயர்ப் பதிவேட்டை) வைத்து ஆள் தெரிவு செய்வது பெரும் பிழை. ஓய்வுபெற்றவர், கொழும்பில் வீட்டு வேலைக்குப் போய் வருகிறவர், மத்திய கிழக்கிலிருந்து திரும்பியவர், பேர் பதியாமல் கைக்காசுக்குப் பறிப்பவர் யாரும் அதில் இல்லை. தலைவரோ மாதர் சங்கமோ கூட்டிவந்து நிறுத்துகிறவர்களிடம் மட்டும் கேட்பது அதைவிட மோசம். டிவிசனை (தோட்டப் பிரிவை) சுற்றி நடந்து எல்லாக் காம்பராக்களுக்கும் இலக்கமிடுங்கள். 180 வீடு, தேவை 30 என்றால் ஆறு வீட்டுக்கு ஒன்று. ஒன்றிலிருந்து ஆறுவரை சீட்டுப் போட்டு நான்கு வந்தால் 4, 10, 16 என்று போக வேண்டும். கதவு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குத் தாவக்கூடாது. வேறு வேறு நேரத்தில் மூன்று தடவை போக வேண்டும். பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவர்தான் பெரும்பாலும் அதிக நேரம் வேலை செய்கிறவர். அவரை விட்டால் முழுக் கணக்கும் சாயும். வன்முறை பற்றிய ஆய்வென்றால் ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே கேட்க வேண்டும். பல பெண்கள் இருந்தால் அதற்கும் சீட்டுத்தான்.

லயத்தில் தனிமை கிடையாது. இந்தக் காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். ஆகவே இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்து கேட்கவே கூடாது. கேள்வித்தாளின் அடியில் போசாக்கு, மரக்கறித் தோட்டம் பற்றிய நாலைந்து கேள்விகளைத் தயாராக வைத்திருங்கள். யாராவது உள்ளே வந்தால் உடனே அதற்கு மாற வேண்டும். உலக சுகாதார அமைப்பு 2001இல் வெளியிட்ட பாதுகாப்பு நெறிகளின் வழிமுறை இது. உதவி கேட்டால் எங்கே அனுப்புவது என்பதும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்: 1938 மகளிர் உதவி இலக்கம், கிட்டிய வைத்தியசாலையில் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் நட்பு நிலையம் இருந்தால் அது. அதை அச்சடித்த துண்டாகக் கொடுத்தால் வீட்டில் யாராவது கண்டெடுப்பார்கள். வாயால் சொல்லி மனதில் பதிய வைப்பதே நல்லது.

சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதையும் யோசிக்க வேண்டும். 1948இல் குடியுரிமையை இழந்து, பிறகு காலம் காலமாகக் கடதாசிக்கு அலைந்த சமூகம் இது. முன்பின் தெரியாதவர் தாளை நீட்டினால் பாதிப் பேர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். படிவத்தை வாசித்துக் காட்டி, வாய்ச் சம்மதம் பெற்று, பேட்டி எடுப்பவர் கையெழுத்திடலாம். ஆய்வு நெறிக் குழுவுக்கு விண்ணப்பிக்கும்போதே காரணத்தோடு இதை எழுதிவிட வேண்டும்.

கைத்தொலைபேசியில் தரவு சேகரிக்க கோபோ டூல்பொக்ஸ் என்ற செயலி போதும். இலவசம், தமிழ் ஏறும், சிக்னல் இல்லாத மலையிலும் பதிந்து வைத்து டவுனுக்கு வந்து அனுப்பலாம். பெயர் ஒரு கோப்பில், விடை இன்னொன்றில், இரண்டையும் இணைக்கும் இலக்கம் மட்டும் பொறுப்பாளரிடம். ஒலிப்பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்த வேண்டும்.

பகுப்பாய்வுக்கு வந்தால் பலர் பயந்து ஒதுங்குகிறார்கள். கூட்டல் கழித்தல் தெரிந்தவருக்குப் பயப்பட இதில் அதிகம் இல்லை. 30 பேரில் 12 பேர் சொன்னதை "40 சதவீதம்" என்று எழுதாமல் "30 பேரில் 12 பேர்" என்றே எழுதப் பழகினால் பாதித் தவறு குறையும். சீட்டுப் போட்டு எடுத்த 100 பேரின் சதவீதம் ஏறத்தாழ 10 புள்ளி மேலோ கீழோ இருக்கலாம். 400 பேர் என்றால் 5 புள்ளி. அவர்கள் எல்லோரும் நாலைந்து தோட்டங்களுக்குள் இருந்தால் அந்த 5 கூடும், ஏனென்றால் ஒரே லயத்தார் ஒருவரைப் போல் ஒருவர் வாழ்கிறார்கள். பேட்டி ஒலிப்பதிவை எழுத்தாக்க, ஒரு மணித்தியாலப் பேச்சுக்கு ஐந்தாறு மணித்தியாலம் தேவை. திட்டச் செலவுப் பட்டியலில் இதற்குப் பணம் ஒதுக்காததால்தான் பல பேட்டிகள் தொலைபேசிக்குள்ளேயே கிடக்கின்றன. எழுதும்போது அந்தப் பெண்ணின் பேச்சைத் திருத்தவும் கூடாது. "அரைப் பேர் போட்டுட்டாங்க" (அரை நாள் சம்பளம் மட்டும் பதிந்தார்கள்) என்றதை "ஊதியம் குறைக்கப்பட்டது" என்று மாற்றினால் யார் போட்டது என்பதே மறைந்துவிடும்.

இவ்வளவையும் இரண்டு நாளில் கற்பிக்க முடியாது. பன்னிரண்டு பேர், மூவர் மூவராக நான்கு குழு, ஆறு மாதம், இரண்டு வாரத்துக்கு ஒரு நாள். ஒவ்வொரு குழுவுக்கும் சொந்தமாக ஒரு சின்னக் கேள்வி. உதாரணமாக, கொழுந்து மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) இலையில் ஒட்டிய தண்ணீருக்கென்று எத்தனை கிலோ கழிக்கிறார்கள்? இருபது பெண்கள், பத்து நாள், தராசில் காட்டிய நிறை, கழித்தது, பதிந்தது, அன்று மழையா வெயிலா. முதல் இரண்டு நாள் ஆள் நிற்பதைக் கண்டு, நிறையைப் பதியும் கணக்கப்பிள்ளை கவனமாக இருப்பார்; அந்த நாட்களைத் தனியாகக் குறித்துவைத்துப் பிறகு ஒப்பிட வேண்டும். முடிவை ஒரே தாளில் எழுதி அதே பெண்களுக்கு வாசித்துக் காட்டினால், எந்த இலக்கம் பிழை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். மலையகப் பெண்கள் பற்றிய எந்தச் சதவீதத்தையும் அச்சிடும்போது, எத்தனை பேரிடம், எந்த ஆண்டில், என்ன சொல்லில் கேட்டார்கள் என்ற ஒரு வரியையும் சேர்த்துப் போடுங்கள். அந்த வரி இல்லாமல் வருகிற அறிக்கைகளை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
ஹட்டன்