தாவோ அண்ணைக்கு, பனங்கூடல் ஓரத்திலிருந்து

மதிப்புக்குரிய தாவோ கார்னிச்சார் அண்ணைக்கு,

உங்கள் கைக்கு வந்து சேராத கடிதம் இது. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே மலை கிடையாது. கீரிமலை என்று ஓர் ஊர் உண்டு. போய்ப் பார்த்தால் கேணியும் கடலும்தான். பனி என்றால் மார்கழி விடியலில் வேலிக் கிடுகை நனைத்திருக்கும் ஈரம்.

2000 அக்டோபர் 7. ஸ்லோவேனியாவிலிருந்து போன நீங்கள் எவரெஸ்ட் உச்சியில், 8,848 மீற்றர் உயரத்தில், பனிச்சறுக்குப் பலகைகளைக் காலில் பூட்டினீர்கள். அடிவார முகாம் வரை அவற்றைக் கழற்றவே இல்லை. நான்கு மணி நாற்பது நிமிடம். இணையத்தில் அது நேரலையாக ஓடியது. அந்த மாதம் நாங்கள் தென்மராட்சியிலிருந்து இடம்பெயர்ந்து கரவெட்டியில், உறவினர் வீட்டு விறாந்தையில் இருந்தோம். மண்ணெண்ணெய் விளக்கு, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி பூட்டு. உலகம் பார்த்ததை நான் பல வருடம் கழித்துக் கைபேசியில்தான் பார்த்தேன்.

முதலில் விசரன் என்றுதான் நினைத்தேன், மன்னியுங்கள். 1970இல் ஜப்பானியர் யூய்ச்சிரோ மியூரா எவரெஸ்ட் உச்சிக்குக் கீழுள்ள தென்கணவாயிலிருந்து பாரசூட் கட்டிக்கொண்டு சறுக்கி, விழுந்து உருண்டு, உயிரோடு எழுந்தாரே, உங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்திருந்தேன். பிறகுதான் விபரம் தேடினேன். 1995இல் சகோதரர் திரேய்ஸுடன் அன்னபூர்ணா உச்சியிலிருந்து சறுக்கி வந்திருக்கிறீர்கள். 1996இல் எவரெஸ்டில் குளிர் உங்கள் இரண்டு விரல்களைத் தின்றது. மறு வருடம் இன்னொரு சகோதரர் லூக்கா, மலை மீட்புப் பயிற்சி விபத்தில் போய்விட்டார். அதற்குப் பிறகும் திரும்பிப் போனீர்கள். ஆனால், ஆட்கள் வழக்கமாக ஏறும் வசந்தத்தில் அல்ல, மழைக்காலம் முடிந்த கையோடு. பாறையை மூடப் புதுப்பனி வேண்டும் அல்லவா? எங்களுக்குப் புழுதியை மட்டும் அள்ளிவரும் சோளகக் காற்று, உங்களுக்கு அங்கே பாதை போட்டுக் கொடுத்திருக்கிறது.

2006இல் அண்டார்க்டிக்காவின் வின்சனோடு ஏழு கண்டங்களின் உச்சிகளிலும் சறுக்கி முடித்தீர்கள். ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோவிலுமா என்று சிரிப்பு வந்தது. பட்டியலை நிரப்பும் ஆசை பெரிய மனிதர்களையும் விடாது போலும்.

என் பெரியப்பா நாற்பது வருடம் சீவல் தொழில் செய்தவர். தளநாரைக் காலில் மாட்டி, காலையும் மாலையும் பனை ஏறி இறங்கியவர். ஏறும்போது கை வலிக்கும், இறங்கும்போதுதான் புத்தி வேண்டும் என்பார். முட்டி நிறையக் கள்ளு, வியர்த்த கை, மழையில் ஊறிய மரம். ஏறியவரைத்தான் ஊர் அண்ணாந்து பார்க்கும். இறங்குவதையே ஒரு தொழிலாகச் செய்த உங்களை அவருக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது.

கைபேசியை நீட்டினேன். மலையை அவர் பார்க்கவே இல்லை. உங்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘அவசரப்படவில்லை, தொழில் தெரிந்த ஆள்’ என்றார். ‘இப்போது எங்கே?’ என்று கேட்டார்.

சொன்னேன். 2019 செப்டம்பரில், சொந்த ஊர் யெசேர்ஸ்கோவில், மரம் தறிக்கும்போது நடந்த விபத்தில் இறந்துவிட்டார் என்று.

பெரியப்பா கைபேசியைத் திருப்பித் தந்தார். கொஞ்ச நேரம் வளவுப் பக்கம் பார்த்தபடி இருந்துவிட்டு, ‘என்ன மரம்?’ என்று மட்டும் கேட்டார்.