ஓலை நட்சத்திரம் கொடுத்தனுப்புகிறேன்

பாளையங்கோட்டை

கர்த்தருக்குள் அன்பான தோழிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குக் காய்ச்சல் விட்டதா? இங்கே எல்லாரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை. முருகன்குறிச்சிக் கடைகளில் அதற்குள் நட்சத்திரங்களைத் தொங்கவிட்டுவிட்டார்கள்.

இந்த வருஷம் கடையில் எதுவும் வாங்காமல் கிறிஸ்துமஸ் மரத்துக்கு வேண்டியதை வீட்டிலேயே செய்ய வேண்டுமென்று உன் மருமகள் ஆசைப்படுவதாக எழுதியிருந்தாய். நல்ல ஆசை. ஆனால் அவள் சொல்கிற உப்பு மாவு பொம்மை நம் டிசம்பருக்குச் சரிப்படாது. இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு உப்பு, தண்ணீர் விட்டுப் பிசைந்து அச்சில் வெட்டி, ஓவனில் குறைந்த சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் கல் மாதிரி ஆகிவிடும், அது உண்மைதான். ஆனால் உப்பு ஈரத்தை இழுக்கும். சென்னை மழைக்கு நாலே நாளில் நசநசத்து, நூல் கோத்த ஓட்டை பிய்ந்து விழும். செய்தே தீருவேன் என்றால், நன்றாகக் காய்ந்தபின் இருபுறமும் வார்னிஷ் அடிக்கச் சொல். சம்கித் தூளை மட்டும் வீட்டுக்குள் விடாதே. ஈஸ்டர் வரைக்கும் சாம்பாரில் மின்னும்.

என்னைக் கேட்டால் பனை ஓலைதான். நாமோ குருத்தோலை ஞாயிறு வந்தால்தான் ஓலையைத் தேடுகிறோம். அன்றைக்குச் சிலுவை பின்னுகிற கைக்கு நட்சத்திரம் பின்னுவது பெரிய காரியமில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை நினைவிருக்கிறதல்லவா? காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அந்த வாரம் எங்கள் மாடியில் தொங்கிய காகித நட்சத்திரங்கள் சாயம் வழிந்து மூங்கில் சிம்பாக நின்றன. வாசலில் கட்டியிருந்த ஓலை நட்சத்திரமும் நனைந்துதான் போனது. காய்ந்ததும் பழைய உருவத்துக்கு வந்துவிட்டது.

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நான் இப்போது சொல்லிக்கொடுப்பது நான்கு கீற்றில் பின்னுகிற நட்சத்திரம். ஜெர்மனிக்காரர்கள் காகிதத்தில் செய்வது; கிண்டர்கார்டன் என்று 1840இல் பெயர் வைத்தாரே ஃபிரோபெல், அவர் பெயரால் அதை அழைக்கிறார்கள். ஓலையில் அது இன்னும் அழகு. நிழலில் காயவைத்த குருத்தோலையில் ஈர்க்கை உருவிவிட்டு, விரல் அகலத்தில் ஒரே அளவாக நான்கு கீற்று கிழித்துக்கொள். நீளம் அகலத்தைப்போல முப்பது மடங்காவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசி முனைக்கு ஓலை போதாது. ஈரத்துணியில் சுற்றிவைத்திருந்து எடுத்தால் மடிக்கும்போது வெடிக்காது. ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்து, ஒன்றின் வாய்க்குள் மற்றொன்றின் வாலைச் செலுத்தி, நான்கையும் சதுரமாகப் பூட்டி இழுக்க வேண்டும். பூட்டு இறுகும்போது கிறீச்சென்று ஒரு சத்தம் வரும், அப்போது நிறுத்திவிடு. அதற்குமேல் இழுத்தால் ஓரம் கீறிவிடும். பிறகு மேல் வால்களை ஒவ்வொன்றாக மடக்கி, கடைசியை முதல் மடிப்புக்குள் சொருகி, முனைகளை முக்கோணமாகத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். சுற்றிலும் தட்டையாக எட்டு முனை, முன்னும் பின்னும் கூம்பாக நான்கு நான்கு. பசை ஒரு சொட்டுக்கூட வேண்டாம். கூம்பு திருப்புகிற இடத்தைக் காகிதத்தில் எழுதிப் புரியவைக்க முடியாது. பாதி பின்னியதாக ஒன்றும் சேர்த்து அனுப்புகிறேன், பிரித்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

நிறம் வேண்டுமென்றால் கீற்றாகக் கிழிக்கும் முன்பே சாயப்பொடி போட்ட கொதிநீரில் ஓலையை முக்கி எடுக்க வேண்டும். சிவப்பும் பச்சையும் நன்றாகப் பிடிக்கும். எனக்குச் சாயமேறாத அந்த வெளிறிய மஞ்சள்தான் பிடித்திருக்கிறது. சவுக்குக் கிளையின் கரும்பச்சைக்கு அது எடுப்பாகத் தெரியும்.

ஓலை கிடைப்பதுதான் வரவர பாடாக இருக்கிறது. மரம் ஏற ஆளில்லை. எங்களுக்கு வெட்டித் தருகிறவர் ஒரு மரத்தில் ஒரு குருத்துக்குமேல் தொடமாட்டார், எவ்வளவு கெஞ்சினாலும். அவர் பிடிவாதம் சரிதான் என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன் அம்மாவிடம் இடையன்குடி லேஸ் துண்டுகள் ஒரு தகரப்பெட்டி நிறைய இருந்தனவே, அவற்றை யாராவது எடுத்துவைத்தீர்களா? பிஷப் கால்டுவெல்லின் மனைவி எலைசா அந்த ஊர்ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த கைவேலை, மூட்டையோடு மூட்டையாகப் போய்விடக் கூடாது. வட்டத் துண்டுகளாக இருந்தால் சவ்வரிசிக் கஞ்சியில் முக்கி, பலகையில் குண்டூசி குத்தி விரித்துக் காயவிடு. விறைப்பாக நிற்கும், சிவப்பு ரிப்பனில் கட்டி மரத்தில் தொங்கவிடலாம். நல்ல துண்டுகளைத் தொடாதே, ஓரம் பிய்ந்தவை போதும்.

தம்பி அடுத்த வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறான். ஓலைக் கட்டும் பாதி பின்னிய நட்சத்திரமும் அவன் கையில் இருக்கும். ஓலையைப் பிளாஸ்டிக் பையில் அடைத்துவைக்காதே, பூஞ்சை பிடிக்கும். லேஸ் இருந்தால் இரண்டு துண்டு அவனிடமே கொடுத்துவிடு. அவன் கேரல் பாட ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் திரும்பியாக வேண்டும், விருந்து சாப்பாடு என்று பிடித்துவைத்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழி